கேமரா வாங்கும் முன் ஒரு மண்சட்டி வாங்குங்கள்: சென்னையில் பறவை பார்க்கவும் படமெடுக்கவும் தொடங்குபவர்களுக்கு

நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பறவைப் படம் எடுக்கலாம் என்று ஆசை வந்த வாரமே மாதத் தவணையில், தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு 150-600 மி.மீ. லென்ஸ் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்கு மேல் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய், ரோட்டோரம் நின்று முந்நூறு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் ஒன்றுகூடத் தேறவில்லை. நாரையெல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பது மாதிரி நெளிந்து கிடந்தது. லென்ஸ் பழுது என்று முடிவுகட்டி, ஒரு நாள் லீவு போட்டு சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் நாலைந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "எத்தனை மணிக்கு சார் எடுத்தீங்க?"

லென்ஸில் ஒரு குறையும் இல்லை, கானல்தான் காரணம். வெயில் ஏறியதும் தரையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் சூடான காற்று எழும்பும். தூரத்துப் பறவையை அந்தக் காற்றின் வழியாக எடுத்தால் எந்த விலை லென்ஸும் நெளிந்த படம்தான் தரும். அன்றைக்கு ஆரம்பித்து, ஒவ்வொன்றாகச் சறுக்கி விழுந்துதான் மற்றதையெல்லாம் கற்றேன். நீங்கள் அந்த வரிசையில் விழ வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். தென்சென்னையை வைத்துத்தான் சொல்கிறேன், எனக்குத் தெரிந்த ஊர் அதுதான்.

1. முதல் மாதம் வீட்டை விட்டு நகராதீர்கள்

மொட்டைமாடியோ, கிணற்றடியோ, பால்கனியோ, எதுவாக இருந்தாலும் போதும். அகலமான மண்சட்டி ஒன்று வாங்குங்கள், நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். இரண்டு அங்குலத்துக்கு மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஆழமாக இருந்தால் சின்னப் பறவைகள் இறங்காது. நடுவில் ஒரு சொரசொரப்பான கல்லைப் போடுங்கள். பூனை பதுங்கி வந்து பாய முடியாதபடி செடிகளிலிருந்து ஆறேழு அடி தள்ளி வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். மறந்தால் கொசுப்புழு வரும், அப்புறம் மாநகராட்சி ஆள் வந்து கேட்பார், அவர் கேட்பதும் நியாயம்தான்.

தானியம் போடாதீர்கள் என்பது என் கட்சி. நான் கம்பு போட்டேன், பத்தே நாளில் நாற்பது மாடப்புறா குடிவந்து, பக்கத்து வீட்டு மாமி துணி காயப்போட முடியவில்லை என்று சண்டைக்கு வந்தார். தண்ணீர் மட்டும் வைத்தபோதுதான் சின்னான், குண்டுகரிச்சான், தவிட்டுக்குருவிக் கூட்டம் எல்லாம் வரத் தொடங்கின. வீட்டில் முருங்கை மரம் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். அது பூக்கும்போது காலை ஏழு மணிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தேன்சிட்டு தேடி வரும். கறிவேப்பிலை பழுத்தால் குயிலும் சின்னானும் வரும். இட்லிப்பூச் செடி ஒன்று தொட்டியில் இருந்தாலும் தேன்சிட்டுக்குப் போதும்.

இந்த ஒரு மாதத்தில் கேமரா வேண்டாம். ஒரே பறவையைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். எங்கள் வீட்டுத் தையல்சிட்டு, செம்பருத்திச் செடிக்குள் நுழையும் முன் எப்போதும் துணிக்கொடியில் ஒரு நொடி உட்காரும், வாலை இரண்டு முறை தூக்கும், அப்புறம்தான் உள்ளே போகும். இதைக் கவனிக்க எனக்குப் பதினைந்து நாள் ஆனது. பின்னாளில் அதன் நல்ல படம் கிடைத்தது செடியில் அல்ல, நான் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருந்த அந்தக் கொடியில்.

அக்டோபர் வாக்கில் தோட்டத்தில் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று பல வண்ணத்தில், குட்டைவாலோடு ஒரு பறவை சருகுக்குள் தத்திக்கொண்டிருந்தால் பதறாதீர்கள். அது ஆறுமணிக்குருவி, வடக்கிலிருந்து வலசை வருவது. பயணக் களைப்பில் கண்ணாடி ஜன்னலில் மோதி விழுவதும் உண்டு. அப்படி விழுந்தால் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் ஒரு மணி நேரம் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெம்பு வந்ததும் பறந்துவிடும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். நம் ஊர்க் கிளிக்கும் அதேதான்.

2. பைனாகுலர், போன், ஒரு நோட்டு

பைனாகுலரில் 8×42 என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம். தொடங்குபவருக்கு ஆறாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள் உருப்படியானது கிடைக்கும். ஐந்நூறு ரூபாய்க்கு "100 மடங்கு" என்று விற்பதை வாங்கினால் பொம்மைதான் மிஞ்சும். பெரிய எண்ணாக இருந்தால் நல்லது என்று 20 மடங்கு வாங்கியவர்களும் கை நடுக்கத்தில் ஒன்றும் தெரியாமல் பரணில் போட்டுவிட்டார்கள்.

போனில் இரண்டு ஆப் போட்டுக்கொள்ளுங்கள்: பறவையை அடையாளம் காட்டும் மெர்லின், பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதியும் இபேர்ட். இரண்டும் இலவசம். மெர்லினில் தென்னிந்தியாவுக்கான தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், ஏரிக்கரையில் சிக்னலை நம்ப முடியாது. குரலைக் கேட்டு பறவையின் பெயரைச் சொல்லும் வசதி அதில் உண்டு, பெரும்பாலும் சரியாகவே சொல்லும். ஆனால் அது சொல்லிவிட்டது என்பதற்காக எழுதிவிடாதீர்கள், கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள். அதிலிருக்கும் குரலைச் சத்தமாக ஓடவிட்டுப் பறவையை வரவழைக்கும் வேலை வேண்டவே வேண்டாம். தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டது என்று நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு அது அலைமோதும். வீட்டில் ஹெட்போனில் கேட்டுப் பழகுங்கள்.

புதுப் பறவையைக் கண்டதும் போனை எடுக்காமல் முதலில் நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: சிட்டுக்குருவி, மைனா, காக்கை, இவற்றில் எதன் அளவு, அலகு எப்படி, என்ன செய்துகொண்டிருந்தது. நிறம் கடைசியில்தான். வெயிலில் நிறம் ஏமாற்றும்.

3. வெள்ளைக் கொக்குகளைப் பிரித்துப் பழகுங்கள்

ஏரிக்குப் போன முதல் நாள் எனக்கு எல்லாமே "கொக்கு". உண்மையில் வெள்ளையாக நிற்பது நாலு வகை. கறுப்பு அலகும், சேற்றிலிருந்து தூக்கும்போது மஞ்சள் விரல்களும் தெரிந்தால் சின்னக் கொக்கு. மாட்டுப் பக்கத்தில் நிற்கும், கட்டையான மஞ்சள் அலகு உள்ளது உண்ணிக்கொக்கு. மஞ்சள் அலகு, கறுப்புப் பாதம், நடுத்தர உயரம் என்றால் நடுத்தரக் கொக்கு. ரொம்ப உயரமாக, கழுத்து ஒடிந்த மாதிரி வளைந்து, வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் நடுத்தரக் கொக்குக்கும் பெரிய கொக்குக்கும் அலகு கறுத்துவிடும், உண்ணிக்கொக்கின் தலையும் முதுகும் செம்மஞ்சளாகிவிடும். ஆகவே அலகை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், காலைத் தூக்கும்வரை பொறுங்கள். இந்த நாலும் பிடிபட்டால் நாமக்கோழி, தாழைக்கோழி, நீலத் தாழைக்கோழி, முக்குளிப்பான் போன்ற மற்ற நீர்ப்பறவைகள் எல்லாம் ஒரே வாரத்தில் பிடிபட்டுவிடும்.

4. எந்த மாதம், எந்தக் கரை

டிசம்பர், ஜனவரியில் சென்னையில் ஆறரை மணியை ஒட்டித்தான் சூரியன் உதிக்கும். ஆறு மணிக்கு நீங்கள் கரையில் நின்றால் எட்டரை வரை உங்கள் நேரம். அப்புறம் மாலை நாலு மணிக்கு மேல். நடுவில் இருக்கும் நேரத்தில் பறவை பார்க்கலாம், தூரத்துப் படம் எதிர்பார்க்க வேண்டாம்.

பள்ளிக்கரணையில் எல்லோரும் செய்யும் தப்பு, தவறான பக்கம் நிற்பது. வேளச்சேரி–தாம்பரம் சாலை சதுப்பு நிலத்துக்கு மேற்கே இருக்கிறது. காலையில் அங்கே நின்றால் சூரியன் முகத்தில் அடிக்கும், பறவையெல்லாம் கறுப்பு நிழலாக வரும். மாலையில் அதே இடம் பொன்னாக இருக்கும். காலைக்கு தெற்குப் பக்கம், சோழிங்கநல்லூர்–மேடவாக்கம் சாலையிலிருந்து வடக்கே பார்த்து எடுங்கள். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். இந்த ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சீசன் முழுக்கப் போனது. அந்தச் சாலைகளில் வண்டிகள் பறக்கும், வண்டியை நன்றாக ஒதுக்கி நிறுத்திவிட்டு நடந்து போங்கள். கண்ணைக் கேமராவில் வைத்தபடி பின்பக்கமாக ஓரடிகூட எடுத்துவைக்காதீர்கள்.

மாதக் கணக்கு இப்படி. நவம்பரிலிருந்து ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் போன்ற வலசை வாத்துகள் கூட்டமாக இருக்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழை கொட்டி நீர் நிரம்பிவிட்டால், சேற்றில் நடந்து இரை தேடும் உள்ளான் வகைகளுக்கு நிற்க இடமிருக்காது, அவை வேறு ஆழமில்லாத இடம் பார்த்துப் போய்விடும். பூநாரையும் அப்படித்தான். நீர் வடிந்து சேறு தெரியும்வரை பொறுங்கள், அவசரப்பட்டு மழை முடிந்த மறுவாரமே போய்விட்டு "ஒன்றுமே இல்லை" என்று திரும்பியவர்கள் நிறைய, நானும் ஒருவன். பெரும்பாக்கம் ஏரியையும் அதே பயணத்தில் பார்த்துவிடலாம்.

வேடந்தாங்கலுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை காலம், கூடுகளில் குஞ்சுகளைப் பார்க்க ஜனவரிக்குப் பிறகு போங்கள். சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா எல்லாம் மரத்துக்கு மரம் கூடு வைத்திருக்கும். அந்த வருடம் மழை பொய்த்து ஏரியில் தண்ணீர் இல்லை என்றால் பறவையும் இருக்காது, ஆகவே எழுபத்தைந்து எண்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டும் முன் அங்கே சமீபத்தில் போனவர்கள் இபேர்டில் என்ன பதிந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இரை தேடப் போனவை கூட்டுக்குத் திரும்பும் மாலைதான் பறக்கும் படத்துக்கு ஏற்றது. காணும் பொங்கல் அன்று மட்டும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். கூட்டம் வேண்டாம் என்றால் பக்கத்திலேயே கரிக்கிலி பறவைகள் சரணாலயம் இருக்கிறது.

5. இப்போது கேமரா

முதலில் வாடகைக்கு எடுங்கள். சென்னையில் லென்ஸ் வாடகைக்கு விடும் கடைகள் உண்டு. இரண்டு அடையாள அட்டை, முகவரிச் சான்று கேட்பார்கள், சில இடங்களில் முன்பணமும் வாங்குவார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஆதாரில் பழைய முகவரி இருந்தால் ஒப்பந்தப் பத்திரத்தையோ கேஸ் பில்லையோ கையோடு கொண்டுபோங்கள், நான் இதற்காகவே ஒருமுறை வெறுங்கையோடு திரும்பினேன். வெள்ளிக்கிழமை மாலை எடுத்தால் சனி, ஞாயிறு இரண்டு காலையும் கிடைக்கும். வாங்கும்போதே கடைக்காரர் முன்னால் லென்ஸை நாலு பக்கமும் போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது "இந்தக் கீறல் யாருடையது" என்ற பேச்சு வராது.

150-600 லென்ஸ் கிட்டத்தட்ட இரண்டு கிலோ. அரை மணி நேரம் கையில் பிடித்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். தோள்வலி உள்ளவர்களுக்கும், வீட்டில் கணக்குச் சொல்ல வேண்டியவர்களுக்கும் நிக்கான் பி950 மாதிரி ஒரே உடம்பில் 83 மடங்கு ஜூம் உள்ள கேமரா நல்ல வழி. நல்ல வெளிச்சத்தில், உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அது குறைவைக்காது. பறப்பதைப் பிடிப்பதிலும், மங்கலான வெளிச்சத்திலும்தான் தடுமாறும்.

பழைய லென்ஸ் வாங்குகிறீர்களா? நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். "நான் ராணுவத்தில் இருக்கிறேன், திடீரென்று மாற்றல், முன்பணம் போடுங்கள் பார்சல் அனுப்புகிறேன்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். நேரில் போனால் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் பூஞ்சை. லென்ஸில் இருக்கும் வரிசை எண்ணும் பில்லில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். புதிது என்றால் ஜி.எஸ்.டி. பில்லும் இந்திய உத்தரவாத அட்டையும் இல்லாமல் வாங்காதீர்கள். பில் இல்லாமல் சில ஆயிரம் குறைத்துத் தருகிறேன் என்பார்கள், பழுது வரும்போது அந்தச் சில ஆயிரம் எங்கே போனது என்றே தெரியாது.

6. செட்டிங்கில் நாலு எண் போதும்

ஷட்டர் வேகம் நொடிக்கணக்கு: உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500, துறுதுறுவென்று இருக்கும் தேன்சிட்டு போன்றவற்றுக்கு 1/1000, பறப்பதற்கு 1/2000. அபர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, லென்ஸ் தருகிற அளவுக்குத் திறந்திருக்கட்டும். வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விடுங்கள். படத்தில் புள்ளி புள்ளியாக வந்தால் சரிசெய்யலாம், ஆட்டத்தில் மங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஃபோகஸை, பறவை நகர நகரப் பின்தொடரும் தொடர் முறையில் வைத்து, ஒற்றைப் புள்ளியைப் பறவையின் கண்ணில் வையுங்கள். எல்லாப் புள்ளிகளையும் திறந்துவைத்தால் கேமரா முன்னால் நிற்கும் கோரைப்புல்லைத்தான் பிடிக்கும்.

கறுத்த தண்ணீரில் வெள்ளைக் கொக்கு நின்றால் கேமராவின் எக்ஸ்போஷர் அளவில் (+/− குறி) வெளிச்சத்தை ஒரு படி குறையுங்கள், இல்லாவிட்டால் இறகெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வரும். வானத்தை ஒட்டிக் கம்பியில் கறுப்பான கரிச்சான் உட்கார்ந்திருந்தால் ஒரு படி கூட்டுங்கள்.

இன்னொன்று, இது நம் ஊருக்கே உரிய தொல்லை. காரில் ஏ.சி. போட்டுக்கொண்டு போய், இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்கப் பனி படிந்துவிடும். துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும், இருபது நிமிடம் போய்விடும், அந்த இருபது நிமிடத்தில்தான் நல்ல வெளிச்சம் இருக்கும். போய்ச்சேரக் கால் மணி நேரம் இருக்கும்போதே ஏ.சி.யை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

7. கையில் இருக்க வேண்டியவை

அடையாள அட்டை, கேமரா பில்லின் நகல், வரிசை எண்ணின் போட்டோ, கொஞ்சம் சில்லறை. சரணாலயங்களில் நுழைவுக் கட்டணம் தனி, கேமராவுக்குத் தனி. ரசீதை வெளியே வரும்வரை தூக்கிப் போடாதீர்கள், உள்ளே கேட்பார்கள். டிரோன் பறக்கவிடவோ, சரணாலயத்துக்குள் திரைப்படம், விளம்பரம் என்று எடுக்கவோ வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். அது ஒரு நாளில் கிடைக்கும் சமாச்சாரம் அல்ல.

பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு நின்றாலே யாராவது வந்து "எந்த சேனல்?" என்று கேட்பார்கள். எரிச்சல் படாமல் கடைசியாக எடுத்த படத்தைக் காட்டுங்கள், பாதிப் பேர் "அந்தப் பக்கம் இன்னும் நிறைய இருக்கு" என்று வழியும் சொல்வார்கள். மீன்பிடிப்பவர்களுக்கும் மாடு மேய்ப்பவர்களுக்கும் தெரிந்த அளவு எந்த ஆப்புக்கும் தெரியாது. ஆனால் விமான நிலையம், ராணுவ இடங்கள், மின்நிலையச் சுற்றுச்சுவர் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள், பறவை எவ்வளவு அரிதாக இருந்தாலும் சரி.

காலுக்கு மூடிய ஷூ போடுங்கள், கரைப் புல்லில் பாம்பு இருக்கும். சட்டை மங்கிய பச்சையோ காக்கியோ இருக்கட்டும்.

8. கூடு கண்டால் விலகுங்கள்

தேன்சிட்டு நம் வீட்டு ஒயரிலேயே கூடு கட்டித் தொங்கவிடும், படமெடுக்கக் கை துறுதுறுக்கும். மறைக்கும் இலையை ஒதுக்கிவிட்டு எடுத்தால் அந்த இலை காக்காய்க்கும் மறைப்பாக இருந்தது என்பது அப்புறம்தான் உறைக்கும். எனக்கு அப்படித்தான் உறைத்தது, கூடு மறுநாள் காலியாக இருந்தது. இப்போது கூடு தெரிந்தால் படம் எடுப்பதில்லை, இடத்தை யாருக்கும் சொல்வதும் இல்லை.

9. மழைக்காலத்தில் லென்ஸ்

சென்னை ஈரத்தில் பைக்குள் வைத்த லென்ஸ் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். ஈரம் இழுக்கும் மின்பெட்டி வாங்கப் பணமில்லை என்றால் காற்றுப்புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று அர்த்தம். சூடுபடுத்தினால் திரும்ப நீலமாகும், ஆனால் அதற்கென்று ஒரு பழைய வாணலியை ஒதுக்கிவிடுங்கள், சமைக்கிற பாத்திரத்தில் வேண்டாம். கேமராப் பையையே டப்பாவுக்குள் வைக்காதீர்கள், பைதான் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

10. பட்டியல் போடுங்கள்

தனியாகப் போவது பிடிக்கவில்லை என்றால் 1978-லிருந்து இயங்கும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற குழுக்களோடு ஒருமுறை நடந்து பாருங்கள். அருகில் நிற்பவர் "அது ஆண், அந்தக் கிளையில பாருங்க" என்று சொல்லும்போது கிடைப்பது புத்தகத்தில் கிடைக்காது.

ஒவ்வொரு முறையும் இபேர்டில் பட்டியல் பதியுங்கள்: தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை. பதினைந்து நிமிடம் போதும், மொட்டைமாடியில் காபி குடித்துக்கொண்டே போடலாம். பொங்கல் விடுமுறையை ஒட்டித் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், அதுதான் ஆரம்பிக்க நல்ல நாள். படம் கிடைத்த பறவையை மட்டும் போடுவது புதியவர்கள் செய்யும் தப்பு. அன்றைக்குக் கண்ணில் பட்ட காக்காய் பதினேழு என்றால் பதினேழு என்று போடுங்கள். பார்த்தும் பெயர் தெரியாமல் போனதை ஊகித்து எழுத வேண்டாம், "உள்ளான் வகை" என்று பொதுவாகப் போடவும் அதில் இடம் இருக்கிறது. என் பட்டியல்களில் அந்த வரி இன்னும் வாரத்துக்கு ஒன்றாவது வருகிறது.